பதினோரு மணிக்கு எல்லாம் சரி

சென்னையில் எவனுக்கய்யா வெந்நீர் வேண்டும்
என்று கேட்பவர்கள்
மாசி மாதத்தில், நைட் டியூட்டி முடிந்து,
விடிகாலை ஐந்தரைக்கு வீடு திரும்பியதில்லை.

திருவான்மியூர். கடலிலிருந்து மூன்றாவது தெரு.
மொட்டை மாடியில் ஹீட் பம்ப்,
நான்கு மாடி கீழே, சமையலறைச் சுவரில்
உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பேனல்.
நடுவே இரண்டே கம்பி.
ஒன்று கேட்கும், மற்றது பதில் சொல்லும் என்று
வாடிக்கையாளர்களிடம் சொல்வேன். பொய்.
இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு சொல்.
முப்பது நொடி பதில் வராவிட்டால்
பேனலில் 'ஈ சிக்ஸ்' மினுக்கும்,
தண்ணீர் பச்சைத் தண்ணீராகவே இருக்கும்.

மெஹர்பானு நாலு முறை புகார் கொடுத்தார்.
நாலு முறையும் போனேன்.
பதினோரு மணி, நல்ல வெயில்.
பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் போல
அடக்கமாக இருந்தது பேனல்.
மீட்டர் வைத்தேன்: அறுபது ஓம்.
பாடப்புத்தகத்து அறுபது.
லிஃப்டை ஏற்றி இறக்கினேன்,
தண்ணீர் மோட்டாரைப் போடச் சொன்னேன்,
பக்கத்து வீட்டு இன்வெர்ட்டரைக்கூடச் சந்தேகப்பட்டேன்.
ஒரு தடவை, வேறு வழியின்றி, போர்டையே மாற்றினேன்.
பழைய போர்டில் ஒரு குறையும் இல்லை.
நாலாவது முறை
'வாடிக்கையாளர் பயன்பாடு' என்ற கட்டத்தில்
டிக் அடித்துவிட்டு வந்தேன்.
அதாவது, குறை அவருக்கு.

போனில் அனுப்பியிருந்தார், ஏழு படங்கள்.
'ஈ சிக்ஸ்', 'ஈ சிக்ஸ்', 'ஈ சிக்ஸ்'.
எழுத்தைப் பார்த்தேன்.
மூலையிலிருந்த நேரத்தைப் பார்க்கவில்லை:
5.34, 5.41, 5.29.

"காலங்கார்த்தால பல்லு கிட்டக் குளிச்சிட்டு
உங்களுக்குக் கதை கட்ட எனக்கென்ன வேண்டுதலா, ரெஜிஸ்?"

ஐந்தாவது முறை ஐந்து மணிக்குப் போனேன்.
வாட்ச்மேன் சிமாஞ்சலா
என்னைத் திருடன் என்றே நினைத்து,
பிறகும் முழுதாக நம்பாமல்,
மாடிக் கதவைத் திறந்துவிட்டுக் கூடவே நின்றான்.

தரை முழுக்க ஈரம். மழையில்லை.
கைப்பிடிச் சுவரில் விரல் வைத்தால் உப்பு.
மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள்.
மச்சுவரை வேண்டாம்,
அதற்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டி போதும்.
டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன்:
கேபிளின் மேல் ஒரு துளி,
தனக்கென்றே போட்ட சாலையில் வருவதுபோல்
மெதுவாக இறங்கி
பெட்டியின் வாய்க்குள் போனது.
அந்தக் கேபிளை மேலிருந்து நேராக இறக்கியது யார்
என்று கேட்காதீர்கள்.
பொருத்திய தாளில் என் கையெழுத்து இருக்கிறது.

உள்ளே செம்பு பச்சையாகியிருந்தது.
போன் அடித்தது. "வந்திருச்சு, ரெஜிஸ்!"
காய்ச்சல் இறங்கியதைச் சொல்வது போன்ற குரல்.
"எனக்கும் தெரியுது" என்றேன்.
அந்த வீட்டில் நாங்கள் இருவரும்
ஒரே விஷயத்தை ஒரே நேரத்தில் பார்த்தது
அதுதான் முதல் தடவை.

மின்சாரத்தை நிறுத்தி மீட்டர் வைத்தேன்.
ஐம்பத்தெட்டு. நாற்பத்து மூன்று. ஐம்பத்தொன்று.
உடனே சரி செய்திருக்கலாம்.
"நில்லுங்க, நானும் வர்றேன்" என்றார்.
யூனிஃபார்மோடு மேலே வந்தார்.
மூன்று பேரும் பெட்டியைச் சுற்றிக் குந்தினோம்.

ஆறே முக்காலுக்கெல்லாம்
கடல் பக்கமிருந்து வெயில் வந்து
பெட்டிக்குள் எட்டிப் பார்த்தது.
துளி சுருங்கியது.
ஐம்பத்து நாலு, ஐம்பத்தேழு,
அறுபது.
சாட்சி எங்கள் கண் முன்னாலேயே
எழுந்து போய்விட்டது.

பச்சையை வெட்டி எறிந்தேன், புது முனை வைத்தேன்.
கேபிளைப் பெட்டிக்குக் கீழே ஒரு வளைவு இறக்கி
அடியிலிருந்து ஏற்றினேன்.
இனி துளி வளைவிலேயே சொட்டும்.

மூடிய பதிவுகளைச் செயலி திருத்த விடாது.
நாலு 'குறை ஏதும் இல்லை'யும் அப்படியேதான் இருக்கின்றன.
ஐந்தாவதின் கீழே எழுதினேன்:
'ஐந்தரை மணிக்கு இருந்தது.'

தொட்டி சூடேற ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றேன்.
அதற்குள் அவருக்குத் தூக்கம் வந்துவிட்டது.
அன்றைக்கும் பச்சைத் தண்ணீரில்தான் குளித்தாராம்.